மச்சம் இருக்கட்டும்

போன மாதம் நான் ஒழித்துக்கட்டிய மச்சம் மெயின்கார்டு கேட்டில் பஸ் ஏறி, எனக்கு எதிர் சீட்டில் வந்து உட்கார்ந்தது. மூக்கின் ஓரத்தில், மிளகு அளவில், கொஞ்சம் மேடாக இருக்கும் மச்சம். அதன் சொந்தக்காரியை எனக்குத் தெரியாது. மச்சத்தைத்தான் நன்றாகத் தெரியும். ஒரு மத்தியானம் முழுக்க அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

எங்கள் சித்தப்பா தெப்பக்குளத்துப் பக்கம் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அவர் எடுக்கிற படங்களின் நெகடிவ்களைச் சாயங்காலம் சைக்கிளில் ஸ்ரீரங்கத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார். மறுநாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஊசி மாதிரிச் சீவிய பென்சிலால் அந்த முகங்களை நான் திருத்துவேன். பருவை மறைப்பேன், கண்ணுக்குக் கீழே உள்ள கருப்பை வெளுப்பேன், அம்மைத் தழும்பை நிரவுவேன். இதற்கு டச்சிங் என்று பெயர். இன்டர்மீடியட் பாஸ் செய்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த எனக்கு இது கிடைத்த நாளிலிருந்து, திருச்சி ஜில்லாவில் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்களில் பாதிப் பேரை நான்தான் அழகாக்கிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு நினைப்பு.

அதனால் பஸ்ஸில் மச்சத்தைப் பார்த்ததும் என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. அந்தப் பெண்ணும் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, மூஞ்சில ஏதாவது ஒட்டியிருக்கா?"

"இல்லீங்க. மச்சம்…"

"அது பொறந்ததுலேர்ந்து ஒட்டியிருக்கு" என்றாள். பக்கத்தில் இருந்த தங்கை களுக்கென்று சிரித்தாள்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "உங்க போட்டோவுல அத எடுத்தது நான்தாங்க" என்று சொல்லிவிட்டேன், பரிசு வாங்குகிற பிள்ளை மாதிரி.

"ஓ, நீங்கதானா அது!" அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ரொம்ப சுத்தமா எடுத்துட்டீங்க. பொண்ணு பாக்க வந்தவங்க போட்டோவையும் எங்களையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, இவளப் பாத்து, 'நீதானேம்மா?'ன்னு கேட்டுட்டாங்க."

"நான் காப்பிதாங்க கொண்டு போனேன்" என்றாள் தங்கை. "எனக்கு இன்னும் ஸ்கூலே முடியல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, 'பெரியவ இவதாங்க'ன்னு அம்மா என்னக் காட்டினாங்க. அவங்க காப்பியக் குடிச்சாங்க, 'போய்ச் சொல்லியனுப்பறோம்'னாங்க. இன்னும் சொல்லியனுப்பிட்டே இருக்காங்க."

சொன்னவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என்மேல் கோபம்கூட இல்லை. மாம்பழச் சாலையில் இறங்கும்போது, "வேலை நல்லாத்தான் செய்யறீங்க" என்று ஒரு வார்த்தை வேறு சொல்லிவிட்டுப் போனாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசி, வீட்டுக்குப் போய் மறந்திருப்பேன். பாராட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரம் வருவதற்குள் என் சட்டம் தயாராகிவிட்டது. எனக்கு எல்லாமே சீக்கிரம்தான். ஒருத்தர் தினமும் கண்ணாடியில் பார்க்கிற எதையும் இனி நான் அழிக்க மாட்டேன். நெகடிவில் விழுந்த தூசி போகலாம். நாலு நாளில் தானே போகிற பருவும் போகலாம், அதற்கு ஆயுசு குறைவு. மச்சம், தழும்பு, வழுக்கை, இரட்டைத் தாடை எல்லாம் உள்ளபடி இருக்கட்டும்.

அன்று சாயங்காலம் சித்தப்பா சைக்கிளை நிறுத்தியதும் நான் சட்டத்தை வாசித்துக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நரை?"

"இருக்கட்டும் சித்தப்பா."

"மாறுகண்ணு?"

"அதுவும் இருக்கட்டும்."

"அப்ப என் கடை மட்டும் இருக்க வேணாமா?"

அப்பாவுக்குக் காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி. ஜீயபுரத்துப் பக்கத்திலிருந்து தார் தாராக வந்து இறங்கும். அவர் சாப்பிட்டுக்கொண்டே எனக்கு வியாபாரம் சொல்லிக்கொடுக்க வந்தார். "தார அடுக்கறப்ப அடிபட்ட பக்கத்த செவுத்துப் பக்கம் திருப்பித்தாம்மா வெக்கறோம். அது பொய்யா? வேணுங்கறவன் திருப்பிப் பாத்துக்கட்டும்."

"போட்டோவத் திருப்பிப் பாத்தா வெள்ளைக் காகிதந்தானேப்பா இருக்கு?"

அப்பா மோரை ஊற்றிக்கொண்டு பேச்சை மாற்றினார். ஆனால் மறுநாள் மண்டியில் இதைத் தன் சொந்தப் பேச்சாகச் சொல்லிக் கைதட்டு வாங்கியதாகக் கேள்வி.

சித்தப்பா நல்லவர். என்னோடு சண்டை போடவில்லை. "சரி பாப்பா, கல்யாணப் போட்டோவ மட்டும் நான் பாத்துக்கறேன், மத்தத நீ உன் சட்டப்படி பாரு" என்றார். இதில் ஒரு சங்கடம், அவருக்குக் கிட்டப் பார்வை சரியில்லை. மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டால் வயதாகிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள் என்று போடுவதும் இல்லை. அவர் டச்சிங் செய்த முதல் பெண்ணுக்கு மூக்குத்தியே போய்விட்டது. மருவென்று நினைத்து எடுத்துவிட்டாராம். பெண்ணின் அம்மா கடைக்கு வந்து, அது வைரம் என்று ஊரைக் கூட்டிவிட்டாள்.

என் பங்குக்கு வந்தவர் ஒரு ரிடையர்டு தாசில்தார். தாடைக்குக் கீழே இன்னொரு தாடை, கண்ணுக்குக் கீழே பை. எல்லாவற்றையும் உள்ளபடி விட்டேன். பிரிண்டைக் கையில் வாங்கியவர், "இது யாருய்யா?" என்றாராம்.

"நீங்கதாங்க."

"இவருக்கு என்ன விட வயசு ஜாஸ்தி இருக்கும் போலருக்கே!"

இப்படி வந்தவர்களில் சிலர் மறுபடி வரவில்லை. தென்னூரில் புதிதாக ஒரு ஸ்டூடியோ வந்திருந்தது. அங்கே போனால் பத்து வயது குறைத்துத் தருகிறார்கள் என்று பேச்சு. சித்தப்பா சாயங்காலம் கொண்டுவருகிற பை இளைத்துக்கொண்டே வந்தது. ஒருநாள் பையை மேஜைமேல் வைத்துவிட்டு, "உள்ளது உள்ளபடி வேணும்னா என்கிட்ட எதுக்கும்மா வராங்க? கண்ணாடி அவங்கவங்க வீட்லயே இருக்கே" என்றார். அப்போதும் சட்டம் சட்டம்தான் என்று இருந்துவிட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் எனக்கு ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளைக்கு லால்குடியில் வீடு, அங்கேயே ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியார். அதற்கு முன்னால் வந்த இரண்டொரு வீட்டார், பெண் நெகடிவும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பது நம் குடும்பத்துக்குச் சரிப்படாது என்று சொல்லிவிட்டார்கள். இவர் மட்டும், பெண் வேலையை விட வேண்டாம், லால்குடியிலிருந்துதான் ரயில் இருக்கிறதே, போய் வரலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார். சொன்னது அவரேதானாம், வீட்டுப் பெரியவர்கள் இல்லை.

அதைக் கேட்டதுமே எனக்கு அந்த இடம் வேண்டும் என்று ஆகிவிட்டது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் அம்மா அடுத்து என்ன சொல்வாள் என்று தெரியும்.

காட்டாமலே சொன்னாள். என் இடது புருவம் நடுவில் பிளந்திருக்கும். சின்ன வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்தது. முளைக்காத அந்த இடம் ஒரு சின்ன வரப்பு மாதிரி வெளுப்பாக நெற்றி வரை தெரியும். சித்தப்பா என்னைப் படமெடுத்து, நெகடிவை வழக்கம்போல என்னிடமே கொண்டுவந்து கொடுத்தார்.

அம்மா ஜன்னலோரம் வந்து நின்றாள். "அத மட்டும் கொஞ்சம் ரொப்பிடுடி."

"நான்தான் யாருக்கும் பண்றதில்லியேம்மா."

"ஊரான் வீட்டுப் பொண்ணுங்களுக்கெல்லாம் அத்தன நாள் பண்ணின. உனக்குப் பண்ணிட்டு நிறுத்தியிருக்கலாம்ல?"

"அப்ப தோணலியே."

"தோணறதெல்லாம் உனக்குத் தப்பான நேரத்துலதான் தோணும்."

புருவத்தைச் சேர்ப்பது பென்சில் வேலை இல்லை, கத்தி வேலை. நெகடிவில் ஒரு இடத்தை லேசாகச் சுரண்டினால் பிரிண்டில் அந்த இடம் கருப்பாக விழும். முடி முடியாகச் சுரண்ட வேண்டும். சித்தப்பா ஸ்டூடியோவில் அந்த வேலைக்கு என் கையைத்தான் சொல்வார்கள். கத்தியை எடுத்து வைத்துக்கொண்டேன். டச்சிங் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது. லால்குடிப் பள்ளிக்கூடத்து வாத்தியார், ரயில், ஜன்னலோரம், பென்சில் என்று என் மனசு எங்கெங்கோ போய்விட்டு வந்தது. இந்தப் புருவம் சேர்ந்தால் அதெல்லாம் வரும். சேர்த்து, அவர்கள் நேரில் வந்து பார்த்து, காப்பி கொண்டுபோகிற யாரையாவது 'நீதானேம்மா' என்று கேட்டால்? எனக்குத் தங்கைகூடக் கிடையாது.

கத்தியை உறையில் போட்டுவிட்டு, நெகடிவை அப்படியே பிரிண்டுக்கு அனுப்பினேன். அம்மா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. பாத்திரங்கள்தான் பேசின.

படம் லால்குடிக்குப் போனது. அங்கிருந்தும் ஒரு படம் வந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "முகம் லட்சணமா இருக்கு" என்றாள். அப்பா பார்த்துவிட்டு, "சாந்தமா இருக்காரு" என்றார். நான் டச்சிங் மேஜையிலிருந்து லென்ஸை எடுத்துவந்தேன்.

"மாப்பிள்ளைய லென்ஸ் வெச்சுப் பாக்கற பொண்ணு நீ ஒருத்திதாண்டி" என்றாள் அம்மா.

முகத்தில் ஒன்றும் இல்லை. காதுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பின்னால் தொங்குகிற திரை, காதைச் சுற்றி மட்டும் ஒரு பிறை அளவுக்குக் கூடுதல் கருப்பு. இரண்டு பக்கமும் அப்படியே. கத்தி வேலை! நல்ல கைதான், எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

"இவருக்குக் காது இதவிடப் பெருசும்மா."

"நீ எப்பப் போய்ப் பாத்த?"

"பாக்க வேணாம். ரெண்டு காதையும் ஓரம் சீவியிருக்காங்க."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப உன் சட்டப்படி மாப்பிள்ளை பெயிலா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்றவர்களுக்கு நான் போட்ட சட்டம் இப்போது எனக்கு வேண்டிய ஒரே இடத்தில் வந்து குறுக்கே நின்றது. காதுக்காக ஒருவரை வேண்டாம் என்று சொல்ல முடியாது. காதை மறைத்ததற்காக? முதல் காகிதத்திலேயே இப்படி என்றால், ரயிலில் போய் வரலாம் என்று சொன்னதில் எவ்வளவு சீவல் இருக்குமோ என்று ஓடியது புத்தி. சரி, நேரில் வரும்போது கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். இதை வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெண் பார்க்கிற நாளில் என் வாயை அம்மா டச்சிங் செய்திருப்பாள்.

அவரும் அவருடைய அக்காவும் வந்தார்கள். சித்தப்பாவும் கடையைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். நான் காப்பி கொண்டுபோனேன். நிமிர்ந்தால் முதலில் தெரிந்தது காதுகள்தான். என் கணக்கு தப்பவில்லை. திறந்து வைத்த ஜன்னல் கதவுகள் மாதிரி, தாராளமாக, நல்ல காதுகள்.

அந்த அக்கா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, குறை சொல்கிற மாதிரியே, "போட்டோவுல இருந்த மாதிரியேல்ல இருக்கு பொண்ணு!" என்றார்.

"பொண்ணுகிட்ட ஏதாவது கேக்கணும்னா கேளுங்க தம்பி" என்றார் அப்பா.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றேன் நான். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேளுங்க" என்றார் அவர்.

"உங்க போட்டோவுல காத யாரு சீவினது?"

அவருக்கு முகம் சிவப்பதற்கு முன்னால் காது சிவந்தது. அவர் தன் அக்காவைப் பார்த்தார். அக்கா மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை.

"அக்காதாங்க ஸ்டூடியோவுல சொல்லிட்டாங்க. பிரிண்டு வந்தப்புறந்தான் எனக்கே தெரியும். பசங்க என்னக் கூப்பிடற பேரு உங்களுக்குத் தெரியாது, தெரிஞ்சா அக்கா பண்ணினது சரின்னுவீங்க. ஆனா அந்தப் படத்த அனுப்ப வேணாம்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல." பிறகு, "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். வெட்கம் போய் அவர் கண்ணில் ஆவல் வந்திருந்தது.

திரையின் கருப்பைச் சொன்னேன். கத்தியைச் சொன்னேன். சபை மறந்துபோய் நிறையவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அம்மா இருமினாள்.

"அப்ப நானும் ஒண்ணு கேக்கறேன்" என்றார் அவர். "உங்க படத்துல எதையும் தொடல, அப்படித்தானே?"

"தொடல" என்றேன் நிமிர்ந்து.

"புருவத்துத் தழும்பு நேர்ல நெத்தி வரைக்கும் ஏறியிருக்கு. படத்துல புருவத்தோட நின்னுடுச்சு. வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துது?"

எனக்குச் சுருக்கென்றது. கண்ணை மூடி ஸ்டூடியோவை நினைத்துப் பார்த்தேன். விளக்கு எனக்கு வலது பக்கம். முகம் அரைக்கால் அளவு திரும்பியிருந்தது. இடது நெற்றி முழுக்க நிழல். அத்தனை நாள் நெகடிவோடு குடித்தனம் நடத்துகிறவள், என் சொந்த நிழலைக் கவனிக்கவில்லை. சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "பென்சிலத் தொடக் கூடாதுன்னுதானேம்மா சொன்ன? வெளக்கப் பத்தி நீ ஒண்ணும் சொல்லலியே."

முதலில் சிரித்தது அந்த அக்காதான். பிறகு எல்லாரும் சிரித்துவிட்டார்கள், அம்மாகூட. "ரெண்டு பேரும் பாஸ் மார்க் வாங்கல" என்றார் வாத்தியார்.

அவர்கள் போனதும் அப்பா என்னிடம் கேட்டார். நான் சுற்றி வளைக்கவில்லை. "எனக்குச் சம்மதம்ப்பா" என்றேன். சம்மதிக்க வைத்தது அவர் சொன்ன பதில் மட்டும் இல்லை. என் படத்தை அவரும் அவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறார் என்பதும்தான். "கொஞ்சம் யோசிக்கிற மாதிரியாவது இருக்கக் கூடாதா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். லால்குடியிலிருந்தும் சம்மதம் என்று செய்தி வந்துவிட்டது. அதோடு ஒரு விண்ணப்பமும் வந்தது. தன் காதை ஒரு தடவை உள்ளபடி படமெடுத்துத் தர முடியுமா என்று அவர் கேட்டிருந்தார்.

கல்யாணம் நிச்சயமான வீட்டில் நான் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். இருக்கிறேன். ஆனால் அந்த விளக்கு என்னை விடவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டால் முடிந்தது என்று நினைத்திருந்தேன். பென்சிலுக்கு முன்னாலேயே விளக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. விளக்குக்கு முன்னால், 'கொஞ்சம் இப்படித் திரும்பும்மா' என்கிற சித்தப்பாவின் குரல். அவர் பாவம், அன்பாகத்தான் சொல்கிறார். எல்லாம் முடிந்தபிறகு வருகிற நெகடிவை வைத்துக்கொண்டு நான் நியாயம் பேசிக்கொண்டிருந்தால், கடையும் போகும், நியாயமும் அரைகுறைதான். மேஜையை விட்டு எழுந்து காமிராவுக்குப் பின்னால் போய் நின்றால்தான் எனக்கு இதில் ஏதாவது பிடிபடும்.

சித்தப்பாவிடம் கேட்டேன். இதுவரை அந்தக் காமிராவைத் துடைக்கக்கூட அவர் என்னை விட்டதில்லை.

"விளக்கு வேணாம்ங்கற. இப்படித் திரும்புன்னும் சொல்ல மாட்டேங்கற. அப்புறம் என்னதான் பண்ணப் போற?"

"ஒக்கார வெச்சு, நீங்க எப்படி இருக்கணும்னு அவங்களையே கேக்கப் போறேன்."

"மச்சத்த எடுத்துடும்மான்னு அவங்களே சொன்னா?"

"எடுத்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரிஞ்சதச் சொல்லுவேன். பஸ்ல நான் கேட்டதையும் சொல்லுவேன். அதுக்கப்புறமும் வேணும்னா, அந்தப் படத்த நீங்க எடுத்துக் குடுங்க."

"மூக்குத்தி பத்திரம்" என்றார் அவரே.

கடைசியில் ஒத்துக்கொண்டார். கடை வாசலில் கண்ணாடி போட்ட அலமாரி ஒன்று இருக்கிறது. என் பென்சிலால் பளபளத்த முகங்கள் அதில் வரிசையாகத் தொங்குகின்றன. அதில் ஒரு பிரேமை எனக்குக் காலி செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் எடுக்கிற படம் அதில் தொங்கும். அதைப் பார்த்து, 'எனக்கும் இப்படி ஒண்ணு' என்று யாராவது படியேறினால் காமிரா எனக்கும் உண்டு. யாரும் ஏறாவிட்டால் நான் பழையபடி டச்சிங் மேஜைக்குப் போக வேண்டும், சட்டத்தை மூட்டை கட்டிவிட்டு. இதுதான் ஒப்பந்தம். அப்பா சாட்சி. அவர் இரண்டு பக்கமும் தலையாட்டியிருக்கிறார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால், எங்கள் வீட்டுக் கொல்லையில் வைத்து எடுக்கப் போகிறேன். விளக்கு கிடையாது, திரை கிடையாது. அப்பாவின் எட்டு முழ வேஷ்டியைக் கொடிக்குக் கொடி மேலே விரித்துக் கட்டினால், வெளிச்சம் ஒரு பக்கமாகச் சாயாமல் வடிகட்டி இறங்கும் என்று வாத்தியார் சயன்ஸ் சொல்லியிருக்கிறார். சரியா தப்பா என்பது பிரிண்டு வந்தால் தெரியும். முதலில் அவரை நேர் முகமாக உட்கார வைத்து எடுப்பேன். பிறகு நான் அதே நாற்காலியில் உட்காருவேன். எனக்கு அவர் பொத்தானை அழுத்துவார். அக்கா கூடவே வருகிறாராம், வேஷ்டியைப் பிடித்துக்கொள்ள.